களனி கங்கைக் கரையில் குவாய் நதிப் பாலம்

1957 இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற திரைப்படத்தைப் பற்றி இலங்கையில் பேசத் தொடங்கும் எவரும், அது நம் நாட்டில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். டேவிட் லீன் இயக்கி, சாம் ஸ்பீகல் தயாரித்து, அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், ஜாக் ஹோக்கின்ஸ், செஸ்ஸு ஹயகாவா ஆகியோர் நடித்த அந்தப் படம், சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர், தங்கள் கேணலின் பிடிவாதத்தால், எதிரியின் ரயில் ஓடுவதற்கான மரப்பாலம் ஒன்றைத் தம் பெருமைக்குரிய வேலையாகவே கட்டி முடிக்கிறார்கள். அதைத் தகர்ப்பதற்கு அவர்களின் சொந்தத் தரப்பைச் சேர்ந்த இன்னொரு குழு காட்டுவழியே வந்துகொண்டிருக்கிறது. கதை நடப்பது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். பாலம் நின்ற இடமோ கேகாலை மாவட்டத்துக் கித்துள்கல. அதன் கீழ் ஓடியது களனி கங்கை.

இந்தப் படத்தின் மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கு மட்டக்களப்பில் பிறந்ததும் ஒரு காரணம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அந்த ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானப்படை, அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் வைத்து ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். கப்பல் இன்றும் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே சுழியோடிகள் வெளிநாடுகளிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறார்கள். ‘யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்’ என்று சொல்லித் தம் வயதைக் கணக்கிட்ட முதியவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்தக் குண்டுவீச்சு நடந்த ஆண்டிலேயே ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடத் தொடங்கிய ரயில்பாதைதான் படத்தின் கரு. ஆகவே தொலைவில் நடந்த யாரோ ஒருவரின் யுத்தமாக அந்தக் கதையை என்னால் ஒருபோதும் பார்க்க முடிந்ததில்லை.

மாசி மாதத்தில் நண்பர் ஒருவரோடு அவருடைய காரில் புறப்பட்டேன். அவருக்குப் படத்தில் பெரிய நாட்டமில்லை. வேறொரு காரணம் இருந்தது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த பல குடும்பங்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர், செங்கலடிப் பக்கத்தில் வளர்ந்து, இப்போது பேச்சிலும் பழக்கத்திலும் முழு மட்டக்களப்பானாகிவிட்டார். “நீ பாலத்தப் பாரு மச்சான், நான் மறுகா அம்மா சொன்ன தோட்டத்தப் பாக்கிறன்” என்பது ஒப்பந்தம்.

செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதி போர்க்காலத்தில் நெடுநாள் எங்களுக்கு இல்லாதிருந்த வீதி. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த வயல்களைக் கடந்து, புல்லுமலை, மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறி, நுவரெலியா, அட்டன் என்று மலைநாட்டின் முதுகைக் குறுக்கே கடந்து, கினிகத்தேனையில் மறுபக்கம் இறங்கத் தொடங்கினோம். கொழும்புக்குப் போய் அவிசாவளை வழியாக வருவதே எல்லோருக்கும் வசதியான வழி. ஆனால் மேலிருந்து இறங்கினால்தான் தேயிலை மெல்ல மெல்லக் குறைந்து றப்பர் தொடங்குவதும், காற்றில் குளிர் போய் ஈரப்புழுக்கம் ஏறுவதும் தெரியும். பர்மியக் காட்டுக்கும் சயாம் காட்டுக்கும் பதிலாக இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் அந்தப் புழுக்கமே சொல்லிவிடுகிறது.

பிரதான வீதியோரத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று வீட்டு முற்றங்களை உரசிக்கொண்டு, கித்துள் மரங்களுக்கும் கொக்கோச் செடிகளுக்கும் இடையே ஆற்றுக்கு இறங்குகிறது. மழை இல்லாத மாதம்தான். ஆயினும் கித்துள்கல இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் பகுதிகளில் ஒன்று என்பதால், இலைச்சருகு காயவே இல்லை. பாதி தூரத்தில் நண்பர் குனிந்து பார்த்தபோது, காலுறையின் விளிம்பில் நூல்போல் மெலிந்த அட்டை ஒன்று தலையைத் தூக்கி ஆட்டியபடி இடம் தேடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் சிரித்துக்கொண்டே சவர்க்காரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தடவியதும் அட்டை சுருண்டு விழுந்தது.

பாலம் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படத்தின் முடிவே பாலம் தகர்வது. தெரிந்தும், ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும்போது கண் தன்னையறியாமல் மேலே தேடுகிறது, ஏனென்றால் படத்தில் அந்தப் பாலம் எப்போதும் நம் பார்வைக்கு மேலேதான் நின்றது. கீழே பார்த்தால்தான் எஞ்சியிருப்பது தெரியும். கரையோரப் பாறைகளுக்கிடையே கொங்கிறீட் அடித்தளங்கள் கிடக்கின்றன. மேற்பரப்பில் கரும்பச்சைப் பாசி படர்ந்து, வெடிப்புகளில் பன்னச்செடி முளைத்து, நீர்பட்ட பக்கம் வழுவழுப்பாகத் தேய்ந்து, அவை பாறைகளாகவே மாறிவிட்டன. விளிம்பு மட்டும் நேர்கோடாக ஓடுவதால் மனிதக் கை பட்டது என்று கண்டுபிடிக்கலாம். நான் போன நேரம் அவற்றில் ஒன்றின் மீது ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தலைக்கவசமும் மிதவையங்கியும் அணிந்த இளைஞர்கள் றப்பர்ப் படகுகளில் கூச்சலிட்டுக்கொண்டு சுழல்களில் இறங்கினார்கள். இன்று கித்துள்கலவுக்கு வருவோரில் மிகப் பெரும்பாலானோர் படகுக்காகவே வருகிறார்கள். மேலேயுள்ள பொல்பிட்டிய நீர்மின் நிலையம் விடும் நீரைப் பொறுத்து ஆறு உயர்வதும் தாழ்வதும் அவர்களுக்கு முக்கியம். எனக்கும் முக்கியமாயிற்று, நீர் தாழ்ந்திருந்ததால்தான் அடித்தளத்தை நன்றாகப் பார்க்க முடிந்தது.

அந்த அடித்தளத்தின் மீது நின்றது விளையாட்டுச் சாமான் அல்ல. கலை இயக்குநர் டொன் அஷ்டன் வடிவமைத்த பாலம் 425 அடி நீளமும், நீரிலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரமும் கொண்டது. உண்மையான ரயில் இயந்திரமும் பெட்டிகளும் அதன் மீது ஓட வேண்டியிருந்தது. பார்த்தவர்களுக்கு ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தின் சாயல் நினைவுக்கு வரும், மரத்தில் செய்த ஃபோர்த் பாலம். 500 தொழிலாளரும் 35 யானைகளும் எட்டு மாதம் உழைத்தார்கள் என்றும், இரண்டரை இலட்சம் டொலர் செலவாயிற்று என்றும் படத்தின் விளம்பரங்கள் சொல்லின. விளம்பரக் கணக்கை விளம்பரக் கணக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும். செலவு மிகக் குறைவு என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எப்படியாயினும், அந்த மரங்களை அறுத்ததும், யானை கட்டி இழுத்ததும், ஆற்றில் இறங்கி நின்று தூண் நட்டதும் இந்த நாட்டுக் கைகள். திரையில் நாம் காண்பது பிரித்தானியக் கைதிகளின் உழைப்பு. கட்டியவர்களின் உழைப்பு, அந்தக் கைதிகளின் உழைப்பாக வேடமிட்டு நடித்துவிட்டுப் போய்விட்டது.

பாலத்தைத் தகர்த்த கதை படத்தைவிடச் சுவையானது. 1957 மார்ச் மாதம். தனிச் சிங்களச் சட்டம் வந்து இன்னும் ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. அதைக் கொண்டுவந்த பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வெடிப்பைப் பார்ப்பதற்கு விருந்தினராக வந்திருந்தார். பல கமராக்கள் பல கோணங்களில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கமராவை ஓடவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்ததும் ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் ஒரு விசையை அழுத்த வேண்டும். எல்லா விளக்குகளும் எரிந்தால்தான் வெடி. முதல் முயற்சியில் ஒருவருடைய விளக்கு எரியவில்லை. அவருக்கு ஆபத்து நேருமோ என்ற அச்சத்தில் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ரயிலுக்கு அது தெரியாதே! ஓட்டுநர் குதித்து இறங்கிவிட்ட அந்த ரயில், தகராத பாலத்தைப் பத்திரமாகக் கடந்து, மறுகரையில் நின்ற மின்பிறப்பாக்கியில் போய் மோதி நின்றது. அதை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தித்தான் அடுத்த முயற்சியில் பாலத்தைத் தகர்த்தார்கள். கணினியில் வெடியைச் செய்யும் இன்றைய இயக்குநர் எவருக்கும் அந்த இரவு லீனுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பது விளங்காது.

படப்பிடிப்பில் உதவி இயக்குநர்களில் ஒருவராக ஓடித்திரிந்தவர் ஓர் இளைஞர்: காமினி பொன்சேகா. பிற்காலத்தில் சிங்களத் திரையின் முடிசூடா நாயகனானவர். எங்கள் பக்கத்தவர்க்கு அவரை இன்னொரு வகையிலும் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் வடக்குக் கிழக்கு மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் அவரே. மட்டக்களப்பும் அம்பாறையும் அவருடைய பெயரால் வந்த சுற்றறிக்கைகளின் கீழ் இயங்கின. டேவிட் லீனிடம் வேலை பழகிய ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், உண்மையாகவே பாலங்கள் தகர்க்கப்பட்ட ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார் என்பதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார்.

பிற்பகலில் ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதி. யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கி, நண்பரின் அம்மா சொன்ன அடையாளங்களைத் தேடினோம்: கோயில், வளைவு, காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் பதியும் பெரட்டுக்களம். கோயில் புதிதாகியிருந்தது; தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசையில் பாதி இடிந்து கிடந்தது. அவர் பிறந்த காம்பரா எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாலையோரத் தேநீர்க் கடையில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த முதிய அம்மாதான் கொஞ்சம் பேசினார். மட்டக்களப்பு என்றதும், “அங்க எங்க சின்னம்மா மக்க இருக்காங்க தம்பி, எழுபத்தேழுல போனவங்க” என்றார். பாலத்தைக் கேட்டேன். தம் மாமனார் சொல்லக் கேட்டதுதான்: வெள்ளைக்காரன் படம் பிடிக்கிறான் என்று ஊரே திரண்டு பார்க்கப் போனதாம், தோட்டத்து ஆட்கள் மட்டும் போக முடியவில்லையாம். “பெரட்டுக்குப் போகாட்டி பேரு விழாதே. பேரு விழாட்டி சம்பளம் ஏது?” வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழாமல் போய்விடும் என்ற அச்சம், உலகப் புகழ்பெற்ற ஒரு வெடியைப் பார்க்கவிடாமல் அந்த மனிதர்களை மலைச்சரிவில் பிடித்து வைத்திருந்திருக்கிறது.

கடைக்குப் பின்னாலேயே றப்பர்க் காடு. நண்பர் ஒரு மரத்தடியில் வெகுநேரம் நின்றார். பட்டையில் சரிவாக இறங்கிய வெட்டு, அதன் முடிவில் செருகிய தகரப் பீலி, கம்பியில் தொங்கிய சிரட்டை, சிரட்டையின் அடியில் உறைந்திருந்த ஒட்டுப்பால். வெட்டுக்கோட்டில் நாடாவாகக் காய்ந்திருந்த பாலை நகத்தால் நெம்பி இழுத்தார். அது அறுபடாமல் நீண்டு வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். தாத்தா பால் வெட்டியவர் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இங்கேதான் இந்தப் படத்தைப் பற்றி எனக்குள்ள குறையைச் சொல்ல வேண்டும். றப்பர்க் கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. சிறிது காலத்தில் மலாயாவுக்கும் அதே பயிர் போயிற்று. இரண்டு நாடுகளிலும் அந்த மரங்களை வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்களே. மலாயாவை ஜப்பானியர் பிடித்தபின், பான் பொங்கிலிருந்து தன்பியூசயாத் வரை 415 கிலோமீற்றர் நீளத்துக்குச் சயாம்–பர்மா ரயில்பாதையை அமைப்பதற்கு அந்தத் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினார்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றினார்கள். 1943 ஒக்டோபரில் பாதை இணைந்து முடிந்தது. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பன்னீராயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம். அவர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தமிழர், மலாயர், பர்மியர், ஜாவாக்காரர் எனப் பல இனத்தவர் அதில் அடங்குவர். கைதிகளுக்குத் தம் அதிகாரிகளும் இராணுவ மருத்துவர்களும் முகாம் ஒழுங்கும் இருந்தன. கொதிக்க வைத்த நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட ஆள் இருந்தது. குடும்பத்தோடு வந்த தோட்டத் தொழிலாளிக்கு அப்படி எவரும் இல்லை. கொலரா முகாமுக்குள் வந்தபோது அந்த வேறுபாடு எண்ணிக்கையில் தெரிந்தது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளின் கற்கள் ஏறத்தாழ ஏழாயிரம், புல் வெட்டிப் பெயர் பொறித்துப் பராமரிக்கப்படுகின்றன. திருகோணமலையில் நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு பழக்கமானது. தொழிலாளருக்கு அப்படியொரு பெயர்வரிசை இல்லை. படத்திலும் இல்லை: பாலம் கட்டும் கூலியாக ஓர் ஆசியரும் கதையில் வருவதில்லை. ஒரு கேணலின் மனத்தைப் பற்றிய படத்தில் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கலையாக அதன் தேர்ச்சியை நான் குறைத்துச் சொல்லவுமில்லை. ஆனால் சயாமில் மாண்டவர்களின் உறவுமுறை மக்கள், அதே மரத்தை அதே கத்தியால் வெட்டிக்கொண்டு, படப்பிடிப்பு நடந்த ஆற்றுக்கு மேலேயுள்ள சரிவுகளில் இருந்தார்கள் என்பதை நேரில் கண்டபின், அந்த வெற்றிடம் எனக்கு முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பெயர் விடுபடுவது இந்தப் படத்தின் ஊழ் போலும். சிறந்த திரைக்கதைக்கான ஒஸ்காரைப் பெற்றவர் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல். அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரே அல்ல. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும் கம்யூனிஸ்ட் என்ற முத்திரையால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். 1984 இல் அவர்களுக்கு விருது வழங்கத் தீர்மானித்தபோது இருவருமே உயிரோடு இல்லை. படத்தில் வரும் கேணல் நிக்கல்சனின் இடத்தில் உண்மையில் இருந்த ஃபிலிப் டூசி, எதிரிக்கு உதவியவர் அல்ல, தம் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவர் என்று அவர் கீழிருந்த கைதிகள் பலர் கடைசிவரை சொல்லிவந்தார்கள். இன்னும் வேடிக்கை, சயாமில் உண்மைப் பாலம் கட்டப்பட்ட ஆறு குவாயே அல்ல. அது மே க்லோங். படம் பார்த்துவிட்டுக் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடிப் பயணிகள் வரத் தொடங்கியதால், 1960களில் தாய்லாந்து அரசு அந்த ஆற்றுப் பகுதிக்கு குவே யாய் என்று பெயரை மாற்றிவிட்டது.

திரும்பும்போது நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இறங்கினோம். படத்தில் அதிரடிப் படையின் பயிற்சி இடமாக வருவது இது. கல்கிசையின் கடலோர விடுதி மருத்துவமனையாக வருவதையும் சேர்த்தால், இலங்கை இதில் இரண்டு வேடம் போட்டிருப்பது விளங்கும்: கித்துள்கலவில் சயாமாகவும், பேராதனையிலும் கல்கிசையிலும் தானாகவும். பேராதனைக்கு இது வெறும் வேடமுமல்ல. 1944 முதல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் உண்மையில் இந்தப் பூங்காவிலிருந்துதான் இயங்கியது. பள்ளிச் சுற்றுலா பஸ்களின் கூட்டத்தில் நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. மகியங்கனை வழியாக இரவோடு இரவாக ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த போயா விடுமுறையில் நண்பரின் வீட்டில் படத்தைப் போட்டோம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம்; அம்மா நடுவில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத அவர், கேணலையோ ஜப்பானியத் தளபதியையோ கவனிக்கவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் தெரிந்த மலையையும் ஆற்றையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் நீர் வற்றி, வெடிக்கம்பி மணலில் வெளியே தெரிந்துவிட, பாலத்தைத் தகர்க்க வந்த அதிரடிப் படையினரின் திட்டம் முழுவதும் அதில் தொங்கிக்கொண்டிருந்த நேரம், நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கையில், அம்மா மகனிடம் திரும்பி, “மாசில அந்த ஆத்துல இம்புட்டுத் தண்ணிதான்டா இருக்கும், இது அவனுங்களுக்குத் தெரியலையா?” என்றார்.